ஸ்டேபிள் என்றால் என்னவென்று கேட்டவளுக்கு

போன வாரம் மாமியாரை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போயிருந்தேன். ரத்தம் எடுக்கும் அறையின் வாசலில் மேசை மேல் ஒரு சின்ன லேபிள் பிரிண்டர். அங்கிருந்த பெண் கம்ப்யூட்டரில் எதையோ தட்டினாள். பிரிண்டர் லேசாக உறுமி நாலு ஸ்டிக்கர்களை வெளியே தள்ளியது. கூடவே அந்த வாசனையும் வந்தது. சூடேறிய ரிப்பனில் மெழுகு உருகும் வாசனை. உன் துப்பட்டாவில் எப்போதும் ஒட்டியிருக்குமே, அது.

மாமியாரின் குழாயில் ஒட்டியிருந்த எண்ணைப் படித்தேன். எங்களுக்கு முன்னால் போனவரின் குழாய் தட்டில் இருந்தது. குனிந்து அதன் எண்ணையும் படித்தேன். இரண்டும் வேறு வேறுதான். இருந்தாலும் இன்னொரு முறை பார்த்தேன்.

"இன்னாம்மா அப்படி பாக்கறீங்க?" என்றாள் அந்தப் பெண்.

"ஒண்ணுமில்ல. நம்பர் சரியா இருக்கான்னுதான்."

"கம்ப்யூட்டர் போடறதும்மா. மாறவே மாறாது."

நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பினேன். நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. அந்த வாசனை மூக்கில் ஏறியதிலிருந்து உன்னிடம் பேச வேண்டும் போலவே இருக்கிறது.

ஒரகடத்தில் அப்போது சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். நம் கம்பெனியின் மதில் சுவர், செடி, வாட்ச்மேன் சட்டை, எல்லாவற்றிலும் செம்மண் படிந்திருக்கும். நான் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து ஸ்ரீபெரும்புதூரில் நாலு பெண்களோடு ஒரு அறையில் தங்கியிருந்தேன். சிஸ்டம் அசிஸ்டென்ட் என்று வேலை. அந்த ஃபாக்டரியில் கம்ப்யூட்டர் என்று எது இருந்தாலும் அது என் பொறுப்பு. நீ மண்ணூர்க்காரி. உங்கள் நிலம் கம்பெனிகளுக்குப் போன பிறகு வீட்டில் எல்லோருமே ஏதாவது ஒரு கேட்டுக்குள் போய்வந்துகொண்டிருந்தீர்கள். கம்பெனி பஸ் மண்ணூரில் உன்னை ஏற்றிக்கொண்டுதான் ஸ்ரீபெரும்புதூருக்கு வரும். ஜன்னலோரத்தில் சாப்பாட்டுப் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பாய்.

நாம் செய்தது கார்களுக்கான பிரேக் ஹோஸ், பிரேக் எண்ணெய் ஓடும் ரப்பர் குழாய். லைனின் கடைசியில் உன் லேபிள் ஸ்டேஷன். பெட்டி மூடப்பட்டதும் அதன் மேல் ஒரு எண் ஒட்டுவாய். எந்த நாள், எந்த ஷிஃப்ட், எந்த ரப்பர் என்று பின்னால் யாராவது தேடினால் அந்த எண்தான் வழி. முதல் நாளே நீ எனக்கு அதைச் சொன்னாய். "பிரேக் புடிக்கலனு ஒருத்தன் வந்து நின்னான்னா, இந்த நம்பர வெச்சிதான் மத்த பொட்டிங்க எங்க போச்சினு தேடுவாங்க. இது வெறும் ஸ்டிக்கர்னு நெனச்சிக்காத."

அந்த எண்ணைக் கொடுப்பது என் சர்வர். உலகத்தில் எங்கெங்கோ இருக்கும் ஆட்கள், யாருடைய சம்பளத்துக்கும் இல்லாமல், ஆளுக்குக் கொஞ்சமாக எழுதிச் சேர்க்கும் ஒரு ஆபரேட்டிங் சிஸ்டத்தில் அது ஓடியது. எனக்கு முன்பு இருந்தவர் போட்டுவிட்டுப் போனது. ஒரு நாள் அதன் நெட்வொர்க் கார்டு கெட்டுப்போனது. புதுக் கார்டு வாங்கி மாட்டினால் சிஸ்டத்துக்கு அதை அடையாளம் தெரியவில்லை. இணையத்தில் தேடினேன். அந்தக் கார்டை இயக்கும் புரோகிராம், டிரைவர் என்பார்கள், அந்த சிஸ்டத்தின் 'ஸ்டேபிள்' என்ற கிளையில் வந்துவிட்டதாக யாரோ எழுதியிருந்தார்கள். அதுவரை நம் சர்வர் ஓடிக்கொண்டிருந்தது 'ரிலீஸ்' என்ற கிளையில்.

ஸ்டேபிள். அந்தச் சொல்லைப் பார்த்ததும் எனக்கு வந்த நிம்மதியை இப்போது நினைத்தால் பகீரென்கிறது. ஸ்டேபிள் என்றால் ஆடாமல் அசையாமல் நிற்பது, அதை விட நல்லது வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். அந்தக் கிளையைப் பற்றி அவர்களே எழுதி வைத்திருந்த பக்கத்தை நான் திறக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக வந்து மாற்றினேன். கார்டு வேலை செய்தது. திங்கட்கிழமை மேனேஜர் எல்லோர் முன்னாலும் "பரவால்லயே" என்றார். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் அந்தக் கிளையில் புதிதாக வந்ததை எல்லாம் இறக்கிப் போட்டேன். யாரும் கேட்கவில்லை. நானாகவே சுறுசுறுப்பாக இருந்தேன்.

மூன்றாவது ஞாயிறு போட்டதில்தான் அது வந்தது.

புதன்கிழமை காலை கஸ்டமரிடமிருந்து ஒரு லாரி திரும்பி வந்தது. இரண்டு பெட்டிகளில் ஒரே எண். மேனேஜர் உன் ஸ்டேஷனுக்கு நடந்து வந்தார். சூப்பர்வைசர் பின்னால், நான் அவருக்கும் பின்னால்.

"ஒரே லேபிள ரெண்டு வாட்டி பிரிண்ட் எடுத்தியா?"

"இல்ல சார்."

"ரீபிரிண்ட் பட்டன் உன்கிட்டதான இருக்கு?"

"கீது சார். நான் அமுக்கல. அமுக்கினா நோட்ல எழுதுவேன். பாருங்க."

நோட்டை நீட்டினாய். அவர் வாங்கவில்லை. எழுதாமல் விட்டிருப்பாய் என்றார். நீ கான்ட்ராக்ட். உன் அடையாள அட்டையைக் கழற்றி வாங்க சூப்பர்வைசருக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. விசாரித்துவிட்டுக் கூப்பிடுகிறோம், அதுவரை வர வேண்டாம் என்றார்கள். போகும்போது நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்த பார்வை இல்லை அது. சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொள்ளச் சொல்லி ஜாடை காட்டினாய், அவ்வளவுதான். உன் சாப்பாட்டை நான் சாப்பிடட்டும் என்று.

நான் சாப்பிடவில்லை. சர்வர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பதிவுகளைத் திறந்தேன். ஒரு மணி நேரத்தில் கிடைத்துவிட்டது. சர்வரின் கடிகாரம் எப்போதாவது ஒரு தடவை சில நொடிகள் பின்னால் போயிருந்தது. நம் லேபிள் எண்ணின் கடைசி இலக்கங்கள் நேரத்திலிருந்து உருவாகிறவை. கடந்துபோன நொடி திரும்பி வந்தால் கொடுத்த எண்ணும் திரும்பி வரும். ஞாயிற்றுக்கிழமைக்கு முன் ஒரு தடவைகூட அப்படி நடந்திருக்கவில்லை.

உள்ளங்கை வேர்த்து கீபோர்டு வழுக்கியது. எனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. ஊரில் அப்பாவிடம் நிரந்தரமாகிவிட்டது என்றே சொல்லியிருந்தேன். அந்த ஞாயிறு நான் போட்டதோடு வந்திருந்த புதுக் கடிகாரப் பகுதியை நிறுத்தி வைத்தேன். எண்கள் இனி இரட்டிக்காது. யாரும் கேட்காவிட்டால் இது இப்படியே அடங்கிவிடும். உன்னையும் இரண்டு நாளில் கூப்பிட்டுவிடுவார்கள். இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டு வெளியே வந்தேன். பதிவு இருந்த பக்கத்தை அழிக்கவில்லை. அழிக்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். இதை நான் உன்னிடம் சொன்னதேயில்லை.

வியாழக்கிழமை பஸ்ஸில் நம் சீட்டில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். அன்று முழுக்க ஒவ்வொரு போன் மணிக்கும் என் முதுகு நிமிர்ந்தது. உன் இடத்தில் நின்ற பெண்ணிடம் சூப்பர்வைசர், "பாத்துச் செய்யி, முன்னாடி இருந்தவ மாதிரி தூங்காத" என்று சொன்னது கண்ணாடித் தடுப்பைத் தாண்டி எனக்குக் கேட்டது. என் பக்கத்தில் தண்ணீர் பாட்டில் இருந்தது. எடுத்துக் குடிக்கத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் ஸ்ரீபெரும்புதூரில் இறங்காமல் மண்ணூர் வரை வந்தேன். நீ வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாய்.

"இன்னாடி, மூஞ்சி இப்படிகீது? சாப்டலியா?"

உன் அம்மா உள்ளே இருந்தார்கள். நான் வாசலிலேயே நின்று சொன்னேன். "லேபிள் ரெண்டு தடவ வந்தது உன்னால இல்ல. நான் சர்வர்ல போட்டதால. எனக்கு புதன்கிழமையே தெரியும்."

கையிலிருந்த துணியைக் கொடியில் போட்டு, கிளிப்பைக் குத்தி, இன்னொன்றையும் குத்தினாய். பிறகு கேட்டாய். "இன்னா போட்ட?"

"ஸ்டேபிள்னு ஒரு கிளை. அதுக்கு மாத்தினேன்."

"ஸ்டேபிள்னா இன்னா?"

"ஆடாம நிக்கது."

"அப்பறம் ஏன் ஆடிச்சி?"

இரண்டு நாளாக வேலை போய்விடுமே என்று பயந்தேனே தவிர, ஏன் ஆடியது என்று உட்கார்ந்து யோசிக்கவேயில்லை. வியாழக்கிழமை மதியம் அந்த சிஸ்டத்தை எழுதுகிறவர்களின் மின்னஞ்சல் குழுவுக்கு ஒரு கேள்வி மட்டும் எழுதிப் போட்டிருந்தேன். ஏதோ ஒரு நாட்டிலிருந்து யாரோ ஒருவர் நிதானமாகப் பதில் எழுதியிருந்தார். அதைத் தாளில் எடுத்துப் பையில் வைத்திருந்தேன். பயத்தில் முழுதாகப் படிக்கவில்லை. உன் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து உனக்குத் தமிழில் சொல்லச் சொல்லத்தான் அது எனக்கே புரிந்தது.

நீ கிழித்த காலண்டர் தாள் ஒன்றைக் கொண்டுவந்தாய். அதன் பின்பக்கத்தில் ஒரு மரம் வரைந்தேன். அடிமரம் 'கரன்ட்', அதாவது இப்போது நடந்துகொண்டிருப்பது. எழுதுகிறவர்கள் எல்லோரும் புதிதாக எழுதுவதை முதலில் அங்கேதான் சேர்ப்பார்கள். உடையும், சரிசெய்வார்கள். அதிலிருந்து பிரிகிற பெரிய கிளை 'ஸ்டேபிள்'. அடிமரத்தில் கொஞ்ச நாள் இருந்து தேறியவை அதற்கு வரும். ஆனால் வந்துகொண்டேதான் இருக்கும். அங்கேயும் வேலை நடந்துகொண்டுதான் இருக்கும். அந்தக் கிளையிலிருந்து குறிப்பிட்ட ஒரு நாளில் பிரித்து எடுத்து, சோதித்து, பெயர் வைத்து வெளியிடுவது 'ரிலீஸ்'. அதற்குப் பிறகு அதற்குள் பாதுகாப்புத் திருத்தமும் பெரிய பிழைக்கான திருத்தமும் தவிர வேறு எதுவும் போகாது.

"அப்போ ஸ்டேபிள்னு ஏன் பேர் வெச்சாங்க?"

பதில் இருந்த தாளைப் பார்த்துச் சொன்னேன். "இதுக்குன்னு எழுதின புரோகிராம்கள் நடுவுல திடீர்னு ஒத்துக்காம போயிராது. அந்த அளவுக்குத்தான் ஸ்டேபிள். மெஷின் விழாதுன்னு அவங்க சொல்லல. ஃபாக்டரி மாதிரி இடத்துல ரிலீஸதான் வைக்கணும்னு எழுதியிருக்காரு."

நீ அந்தப் பெரிய கிளையின் மேல் விரலை வைத்தாய். "இது நம்ம ட்ரையல் லைன்டி. பார்ட்டு நல்லாதான் வரும், ஆனா தினம் எதனா ஒண்ணு மாத்திகினே இருப்பாங்க. நீ ட்ரையல் லைன்ல வந்தத எடுத்து நேரா லாரில ஏத்திகீற."

அதை விடத் தெளிவாக இன்றுவரை யாரும் எனக்கு அதைச் சொன்னதில்லை.

அதற்குப் பிறகுதான் உன் முகம் மாறியது. "ரெண்டு நாளு. தெரிஞ்சே இருந்தியா?"

"ஆமா."

"எங்கம்மா என்னியே கேட்டுது. நெஜமா நீ அமுக்கலியானு. பெத்த தாயி கேக்குது."

நான் அழுதேன். நீ அழவில்லை. எழுந்து போய்க் காலி வாளியைக் கொடியடியிலிருந்து எடுத்து வந்து வைத்தாய். நாளைக் காலையில் மேனேஜரிடம் சொல்லி உன்னை மறுபடி வேலைக்குக் கூப்பிட வைக்கிறேன் என்றேன்.

"எனக்காக சொல்றேன்னு போவாத. ரெண்டு பொட்டிதான் மாட்டிச்சி. ஞாயித்துக்கெழமைலேர்ந்து புதன் வரிக்கும் ஒரே நம்பர்ல இன்னும் எத்தினி போயிருக்குதோ. பிரேக்குடி அது. அத்த சொல்லு போய்."

உள்ளே போய்விட்டாய். தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. அன்று பஸ் ஸ்டாப்பில் நின்றபோது, வேலை போய்விடும் என்ற பயத்தின் மேல் இன்னொரு பயம் வந்து உட்கார்ந்தது. அந்தப் பெட்டிகள் இப்போது எங்கே இருக்கும், எந்தக் காரில் ஏறியிருக்கும் என்று.

சனிக்கிழமை ஷிஃப்ட் தொடங்கும் முன் மேனேஜர் அறையில் நின்றேன். பதிவுகளை அச்செடுத்துப் போயிருந்தேன். எப்படியோ சொல்லி முடித்தேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. தாள்களை இரண்டு முறை புரட்டினார்.

"இத நீ புதன்கிழமை சொல்லியிருந்தா, வியாழன் லாரி வெளிய போயிருக்காது."

அதை அவர் மெதுவாகத்தான் சொன்னார். இன்னும் கேட்கிறது.

கடிகாரம் பின்னால் போன நேரங்களை எல்லாம் பதிவுகளிலிருந்து எடுத்தேன். ஒன்பது ஜோடிப் பெட்டிகள். கஸ்டமருக்குப் போன் போனது. உன்னையும் அன்று மதியமே வரச் சொன்னார்கள். நீ வந்தாய். அட்டையைத் திருப்பிக் கொடுத்த சூப்பர்வைசரிடம் வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டாய். நம் கிடங்கில் இருந்த பெட்டிகளை நீ கையால் புரட்டி எண்களைப் படிக்க, நான் ரிலீஸ் கிளையைப் புதிதாக நிறுவினேன். நெட்வொர்க்குக்கு வேறு கார்டு வாங்கினார்கள், பழைய டிரைவருக்குப் பொருந்துவதாக. அவ்வளவு எளிதாக முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஒன்பதாவது ஜோடி மட்டும் கிடைக்கவில்லை. செவ்வாய்க்கிழமைதான் கஸ்டமரின் கிடங்கிலேயே, பிரிக்காமல் இருக்கிறதென்று செய்தி வந்தது. அந்த மூன்று நாள் சாலையில் பிரேக் அடிக்கும் ஒவ்வொரு காரையும் நின்று பார்த்தேன்.

என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. நிரந்தரமாவதை ஆறு மாதம் தள்ளிப்போட்டார்கள். அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன்.

நீ பஸ்ஸில் பேசவில்லை. எனக்குப் பின்னால் இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தாய். சில வாரம் கழித்து ஒரு நாள் மதியம் உன் ஸ்டேஷனைக் கடந்து போனபோது கூப்பிட்டாய்.

"புதுசு எதனா வந்துதா?"

"எது?"

"அந்த மரத்துல."

வந்திருக்கிறது, அடுத்த ரிலீஸ், ஆனால் போடப் பயமாக இருக்கிறது என்றேன். "போடாமயே எத்தினி நாளு இருப்ப? ஓட்டை அடைக்கிற மருந்தும் அதுலதான வருது" என்றாய். ஓரமாகக் கிடந்த பழைய கம்ப்யூட்டரை உன் ஸ்டேஷன் பக்கத்தில் வைக்கச் சொன்னாய். அதில் புது ரிலீஸைப் போட்டோம். வேலைக்கு ஆகாத அட்டைப் பெட்டிகளுக்கு நீ இரண்டு வாரம் லேபிள் அடித்து ஒட்டிப் பார்த்த பிறகுதான் சர்வருக்குப் போனது. அன்றிலிருந்து அதுவே நம் முறை. பஸ்ஸில் பை மறுபடி ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்தது.

அப்படிச் சோதித்தபோதுதான் நீ அந்தப் பிழையைப் பிடித்தாய். ரிப்பன் மாற்றுவதற்காகப் பிரிண்டரை அணைத்துப் போட்டால், கடைசியாக வந்த லேபிள் மறுபடி ஒன்று வந்தது. நான் பத்து முறை செய்து பார்த்தேன், வரவில்லை. "நீ மெதுவா பண்ற. லைன்ல அவசரத்துல எப்படி பண்ணுவோம்னு பாரு" என்று சட்டென்று அணைத்துச் சட்டென்று போட்டாய். வந்தது. குழுவுக்கு எழுதினேன். இரண்டே நாளில் ஒருவர் திருத்தம் எழுதிவிட்டு, பிழையைக் கண்டது யார், பெயர் போட வேண்டும் என்று கேட்டார்.

"உன் பேர இங்கிலீஷ்ல எப்படி எழுதட்டும்?" என்றேன்.

"ரேஷன் கார்டுல ஒரு மாதிரி கீது, கம்பெனி அட்டைல ஒரு மாதிரி கீது. நீ எது அழகா கீதோ அத்த போடு."

அந்தத் திருத்தம் முதலில் அடிமரத்துக்குப் போனது. வாரத்துக்கு ஒரு முறை கேட்பாய், எங்கே வந்திருக்கிறது என்று. ஊரிலிருந்து புறப்பட்ட உறவுக்காரரைப் பற்றி விசாரிக்கிற மாதிரி.

போன வருஷம் ஐப்பசி மழையில் உனக்குக் காய்ச்சல் கண்டது. டெங்கு என்றார்கள். நான்காம் நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். உன் அம்மா வெளியே பெஞ்சில் யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். உதடு வெடித்திருந்தது உனக்கு. கண்ணைத் திறந்து, "எங்க வந்துகீது?" என்றாய்.

"ஸ்டேபிளுக்கு வந்துட்டு. ரிலீஸுக்கு இன்னும் ரெண்டு மாசம் ஆகும்."

"வரட்டும். அவசரப்பட்டு இப்பவே எடுத்து போட்டுடாத."

மறுநாள் காலை போன் வந்தது. அந்தப் பக்கம் யார் பேசினார்கள் என்பதுகூட நினைவில்லை.

இரண்டு மாதம் கழித்து ரிலீஸ் வந்தது. மாற்றங்களின் பட்டியலில் உன் பெயர் இருந்தது. நான் தேர்ந்தெடுத்த எழுத்துகளில், அழகாகத்தான் இருந்தது. அந்தப் பக்கத்தை அச்செடுத்து மண்ணூருக்குக் கொண்டுபோனேன். உன் அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"இதுல இன்னா எழுதிகீது?"

"உங்க பொண்ணு ஒரு தப்பக் கண்டுபிடிச்சா. எந்தெந்த நாட்டுலயோ இருக்கவங்களுக்கு இனி அந்தத் தப்பு வராது. அவதான் கண்டுபிடிச்சான்னு போட்டிருக்காங்க."

"சொல்லவே இல்லியே எங்கிட்ட" என்றார்கள். பிறகு, "அந்த வாட்டி தப்பு பண்ணலனு சொன்னா. நான்தான் ரெண்டு வாட்டி கேட்டுட்டேன்" என்றார்கள். அவர்களை அப்படிக் கேட்க வைத்தது நான்தானே.

என்னை மன்னித்துவிட்டதாக நீ கடைசிவரை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பஸ்ஸில் இடம் பிடித்து வைத்தாய், சோதனைக் கம்ப்யூட்டருக்கு உன் கையால் துணி தைத்துப் போர்த்தினாய். அதுவே பதிலாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறேன். என்னோடு ஐந்து பேர். எங்கேயாவது ஒன்று தவறாகி, லைனில் நிற்கிற யாரையாவது சூப்பர்வைசர் கை காட்டினால், எனக்கு அதே மாதிரி உள்ளங்கை வேர்க்கிறது. அது போகவே இல்லை, போகும் என்றும் தோன்றவில்லை. காரணம் தெரியும்வரை காத்திருப்பதில்லை. "அவங்கள அனுப்பாதீங்க, மொதல்ல எங்க பக்கம் பாக்கோம்" என்று சொல்லிவிடுகிறேன். பாதி நேரம் தவறு எங்கள் பக்கம் இருப்பதில்லை. உடன் வேலை செய்கிறவர்கள் சிரிக்கிறார்கள், மேடம் செய்யாத தப்புக்கும் கை தூக்குவாங்க என்று. போன மாதம் லைனில் நின்ற ஒரு பெண்ணைச் சூப்பர்வைசர் கை காட்டியபோதும் அப்படித்தான் சொன்னேன். அட்டையைக் கழற்றப் போன அந்தப் பெண், கழுத்திலிருந்து கையை எடுத்துவிட்டு மெஷினுக்குத் திரும்பினாள்.